எமது அரசு பதில் அளிக்கும்

போட்டோவில் இருந்தது எங்கள் போட்.

ஜெராக்ஸ் கடைக்காரர் அதைப் பெரிதாக்கிப் பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுத்தார். காகிதம் சூடு ஆறவில்லை. முன்னால் கிழிந்த வலை, அதைத் தூக்கிப் பிடித்திருக்கும் ஒரு கை. பின்னால், இடது ஓரத்தில், ஒரு போட். போன் திரையில் பார்த்தபோது அது ஈ உட்கார்ந்த மாதிரிதான் இருந்தது. இப்போது அதன் மூக்கில் வெள்ளை நட்சத்திரம் தெரிகிறது. ஐந்து முனை. ஒரு முனை மட்டும் பெயிண்ட் வழிந்து நீளமாக இருக்கிறது. அந்த நட்சத்திரத்தை வரைந்தது நான்தான் அக்கா. எட்டாவது படிக்கும்போது, கிறிஸ்துமஸ் லீவில். வழிய விட்டதும் நான்தான்.

"நல்லா வந்திருக்கா தம்பி?" என்றார் கடைக்காரர்.

"நல்லா வந்திருக்குண்ணே," என்றேன்.

உங்கள் பையில் இருந்து கொடி எட்டிப் பார்த்தது, அதனால்தான் இதை உங்களிடம் சொல்கிறேன். மேசையில் வைக்கிற குட்டிக் கொடிகள். அந்த பிளாஸ்டிக் ஸ்டாண்டைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். ராமநாதபுரத்தில் எந்தப் பள்ளிக்கூடம்? சரி, எதுவோ. பிளஸ் ஒன் பிள்ளைகளா? வெளியுறவுக் கொள்கை என்றால் என்ன, ஒரு நாடு இன்னொரு நாட்டோடு எப்படிப் பேசும், எல்லாம் சொல்லிக் கொடுத்துவிட்டுக் கடைசியில் ஒரு மாதிரிப் பேச்சுவார்த்தை வைப்பீர்கள். எங்களுக்கும் வைத்தார்கள். போன வருடம். நான் பள்ளிக்கூடத்தை விட்டதே அதனால்தான். அம்மாவிடம் கேட்டால் இல்லை என்பார். கணக்கு வரவில்லை என்றுதான் ஊரில் சொல்லி வைத்திருக்கிறார். கணக்கில் நான் எண்பத்தி ஒன்று.

என் பெயர் டெல்வின். பாம்பன். அப்பா சேசுராயனுக்கு ஒரு விசைப்படகு இருக்கிறது. நாங்கள் போட் என்போம். அப்பாவும் நாலு பேரும் போவார்கள். நான் போவதில்லை. ராமநாதபுரத்தில் ஒரு வெல்டிங் பட்டறையில் வேலை. தினம் இந்த பஸ்தான்.

பள்ளிக்கூடம் பாலம் தாண்டி, மண்டபத்தில். ஆறாம் வகுப்பில் இருந்து எனக்கும் நிரோஜனுக்கும் ஒரே பெஞ்ச். நிரோ முகாமில் பிறந்தவன். இலங்கை அகதிகள் முகாம், இந்த பஸ் அந்த வாசலைத் தாண்டித்தான் போகும். அவன் அப்பாவும் அம்மாவும் சண்டை நேரத்தில் மன்னாரில் இருந்து படகேறி வந்தவர்கள். இவன் இங்கேயே பிறந்து வளர்ந்ததால் எங்களை மாதிரியே பேசுவான். அம்மாவிடம் போனில் பேசும்போது மட்டும் "ஓம் அம்மா, இந்தா வாறன்" என்பான். நான் அதை அப்படியே திருப்பிச் சொல்லிக் கிண்டல் செய்வேன். முதுகில் ஒன்று வைப்பான்.

வர்ஷினி மிஸ் சென்னையில் இருந்து வந்தார். ஏதோ அறக்கட்டளை. ஐந்து சனிக்கிழமை வகுப்பு, ஆறாவது சனிக்கிழமை பேச்சுவார்த்தை. முதல் நாளே எங்கள் கடல் பிரச்சினையையே எடுத்துக்கொள்வோம் என்றார். சீட்டுக் குலுக்கிப் போட்டார். எனக்கு இலங்கை வந்தது. வகுப்பே கத்தியது.

"டேய் டெல்வினு, உங்க அப்பாவ நீயே புடிச்சு உள்ள போடப் போறியாடா?"

எங்கள் அப்பா நான் ஏழாவது படிக்கும்போது நாலு மாதம் அந்தப் பக்கச் சிறையில் இருந்தவர். அது எல்லோருக்கும் தெரியும். நானும்தான் சிரித்தேன்.

நிரோவுக்கு இந்தியா வந்தது. கொடியைக் கையில் வாங்கியவன் உட்காரவே இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பதினாறு வருசமா இங்கதான் மிஸ் இருக்கேன். இன்னைக்குத்தான் கையில குடுத்திருக்காங்க."

எல்லோரும் சிரித்தோம். மிஸ்ஸுக்குப் புரியவில்லை. எதற்குச் சிரிக்கிறீர்கள் என்று கேட்டார். "கேம்ப் பையன் மிஸ், அவனுக்கு எந்த நாடும் கிடையாது," என்று யாரோ பின்னால் இருந்து சொன்னான். மிஸ் "ஓ" என்றார். அப்புறம் "ரொம்ப சுவாரசியம்" என்றார். உங்களைச் சொல்லவில்லை அக்கா. நீங்கள் வேறு மாதிரி இருக்கலாம்.

அவர் ஒரு விதி வைத்தார். பேச்சுவார்த்தையில் "நான்" என்ற வார்த்தையே கிடையாது. நாடு பேசும்போது ஆள் பேசக் கூடாதாம். "நான்" என்று சொன்னவன் எழுந்து நிற்க வேண்டும். பலகையில் மூன்று வரி எழுதிப் போட்டார். எமது அரசு வரவேற்கிறது. எமது அரசு கவலை கொள்கிறது. எமது அரசு இது குறித்து விசாரித்துப் பதில் அளிக்கும்.

"மூணாவது எப்ப மிஸ் சொல்லணும்?" என்று கேட்டேன்.

"பதில் தெரியாதப்போ சொல்லலாம். தெரிஞ்சும் சொல்ல விருப்பம் இல்லாதப்பவும் சொல்லலாம்," என்று சிரித்தார்.

அன்றைக்கே அது பள்ளிக்கூடம் முழுக்கப் பரவிவிட்டது. "எமது அரசு ஒன்றுக்குப் போய்விட்டு வரலாமா சார்?" என்று இயற்பியல் சாரிடம் ஒருவன் கேட்டு அடி வாங்கினான். ஹோம் ஒர்க் எங்கேடா என்றால் விசாரித்துப் பதில் அளிக்கும் என்றான் இன்னொருவன். நல்லாத்தான் இருந்தது அக்கா. பொய் சொல்ல மாட்டேன். அந்த ஐந்து வாரம் மாதிரி நான் எந்தப் பாடத்தையும் ஆசைப்பட்டுப் படித்ததில்லை.

இரண்டாவது வாரம் ஒரு வீட்டுப்பாடம். எதிரெதிர் நாடுகளாக இருக்கிற இருவர் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் எழுதி வர வேண்டும். மற்றவர்கள் எல்லாம் இணையத்தில் பார்த்து எழுதினார்கள். நானும் நிரோவும் நிஜமாகவே ஒன்று போட்டோம்.

உங்களுக்குத் தெரிந்திருக்காது, சொல்கிறேன். எங்கள் போட்கள் திங்கள், புதன், சனி போகும். மற்ற நாள் நாட்டுப் படகு. இந்தக் கணக்கு எங்களை விட மன்னார்க்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். அந்த மூன்று நாளும் அவர்கள் வலை விட மாட்டார்கள். ஏனென்றால் எங்கள் போட்கள் எல்லைக் கோட்டைத் தாண்டும். தாண்டும் அக்கா, உங்களிடம் மறைத்து எனக்கு என்ன ஆகப் போகிறது. எங்கள் மடி, அதாவது போட் இழுக்கிற வலை, கடல் தரையோடு அரித்துக்கொண்டு போகும். வழியில் அவர்களுடைய மெல்லிய நைலான் வலை இருந்தால் அது போச்சு. நிரோவின் சித்தப்பா மன்னாரில் அந்தத் தொழில்தான். வாரத்தில் மூன்று நாள் கையைக் கட்டிக்கொண்டு கரையில் உட்கார்ந்திருப்பார்.

ஆனால் புயல் சின்னம் வந்தால், வேலைநிறுத்தம் வந்தால், எங்கள் போட்கள் திங்களானாலும் போகாது. அது அங்கே தெரியாது. எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் முதல் நாள் சாயங்காலம் ஆறு மணிக்கே தெரிந்துவிடும்.

எனவே ஒப்பந்தம். ஒன்று, எங்கள் போட்கள் போகாத நாளை டெல்வின் முதல் நாளே நிரோவுக்குச் சொல்ல வேண்டும், நிரோ சித்தப்பாவுக்குச் சொல்ல வேண்டும். இரண்டு, சொன்னதில் மாற்றம் வந்தால் உடனே சொல்ல வேண்டும். மூன்று, சித்தப்பா எப்போதாவது இந்தியா வந்தால் டெல்வின் வீட்டில் நண்டுக் குழம்பு. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். மிஸ் அதை வகுப்புக்கே படித்துக் காட்டினார். "பெரிய நாடுகள் செய்யத் தயங்குறதை இவங்க ஒரு நோட்டுல செஞ்சுட்டாங்க," என்றார்.

இரண்டு முறை அது வேலை செய்தது. ஒரு புதன்கிழமை காற்று எச்சரிக்கை, எங்கள் பக்கம் யாரும் போகவில்லை. நான் சொன்னேன். காற்று அந்தக் கரையோரம் அவ்வளவாக இல்லை போல, சித்தப்பா வலை விட்டு நிறைய மீனோடு வந்திருக்கிறார். இன்னொரு முறை எங்கள் ஊரில் ஒரு சாவு. மறுநாள் அவர் குரல் பதிவு அனுப்பினார். "தம்பி டெல்வின், நீங்கள் நல்லா இருக்கோணும். உங்கட அப்பாவும் நல்லா இருக்கோணும்." அதை நான் நாலு தரம் கேட்டேன். என்னை யாரும் நீங்கள் என்று சொன்னதில்லை.

மூன்றாவது முறை வேலைநிறுத்தம். எங்கள் ஆட்கள் ஒன்பது பேரை இலங்கை நேவி பிடித்துவிட்டது, விடுகிற வரைக்கும் போட் எதுவும் போகாது என்று வெள்ளிக்கிழமை சங்கத்தில் சொன்னார்கள். நான் நிரோவிடம் சொன்னேன். "திங்கள் கண்டிப்பா இல்லடா. சித்தப்பாவ நிம்மதியா விடச் சொல்லு."

ஞாயிறு சாயங்காலம் அதிகாரிகளோடு சங்கம் பேசி முடித்து வேலைநிறுத்தத்தை வாபஸ் வாங்கிவிட்டார்கள். திங்கள் காலையில் போட் போய்விட்டது. நான் சொல்ல மறந்துவிட்டேன். அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் மேட்ச். நான் என்ன மீன்துறையா, ஊருக்கெல்லாம் அறிவிப்புக் கொடுக்க?

செவ்வாய் விடிகாலை சித்தப்பா வலையை எடுக்கப் போனார். எடுக்க வலை இல்லை. கிழிந்து மிதந்ததைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தூரத்தில் போய்க்கொண்டிருந்த போட்டையும் சேர்த்துப் படம் எடுத்திருக்கிறார். அதை நிரோவின் அப்பாவுக்கு அனுப்பினார்.

நிரோ அந்த போனோடு வந்தான். திரை முழுக்கக் கீறல்.

"வேலைநிறுத்தம் வாபஸாமேடா."

"அப்படியா? எனக்கும் தெரியாதுடா," என்றேன்.

அதை அவன் நம்பிவிட்டான். ஒரு நிமிஷம் கூட யோசிக்கவில்லை. "விடு, உனக்கும் தெரிஞ்சிருக்காது," என்று என் தோளில் கை போட்டான்.

அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னான். அவர்கள் குடும்பம் ஊர் திரும்புவதற்குப் பெயர் கொடுத்து எல்லாம் முடிந்துவிட்டது. ஐ.நா. ஆட்கள் விமானத்தில் அனுப்புவார்கள். அவன் அப்பா போய்ச் சித்தப்பாவோடு சேர்ந்து தொழில் செய்வதாகத்தான் ஏற்பாடு. அந்த வலையை நம்பித்தான்.

"சனிக்கிழமை பேச்சுவார்த்தைக்கு ஒரு பெரிய அதிகாரி வர்றாராம், மிஸ் சொன்னாங்க. நீதான இலங்கை? இந்தப் படத்த நீ காட்டு. சித்தப்பாவுக்கு இது படம் இல்லடா, மனு. இந்தியாவுல ஒருத்தராவது பார்க்கணும்னு கேட்டாரு. நான் பார்த்துக்கறேன் சித்தப்பான்னு வாக்குக் குடுத்துட்டேன். நீ காட்டுனதும் நான் எந்திரிச்சு மன்னிப்புக் கேட்கிறேன்."

"நீ எதுக்குடா மன்னிப்பு?"

"நான்தான இந்தியா," என்று சிரித்தான். "ஒரு இந்தியாவாவது கேட்கட்டும்."

அதைப் பெரிதாக்கத்தான் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். மீதிதான் முதலிலேயே சொன்னேனே.

கடையில் காகிதம் வெட்டுகிற பலகை ஒன்று இருந்தது. "இடது பக்கம் மட்டும் வெட்டிருங்கண்ணே," என்றேன்.

"ஏன் தம்பி, போட் அழகா விழுந்திருக்கே?"

"வலை போதும்ணே."

ஒரே இழுப்பில் வெட்டினார். வெட்டின துண்டைக் குப்பையில் போடாமல் "இந்தா, இதையும் வச்சுக்க" என்று என்னிடமே கொடுத்தார். இரண்டு விரல் அகலம். அதில் எங்கள் போட் முழுசாக இருந்தது.

அப்பா அன்றைக்குக் கரையில் மடி தைத்துக்கொண்டிருந்தார். துண்டைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். கண்ணுக்குக் கிட்ட, தள்ளி, மறுபடியும் கிட்ட.

"யாருடா எடுத்தது?"

"நிரோவோட சித்தப்பா. அவரு வலைப்பா."

"மடிக்குக் கண்ணா இருக்கு?" என்றார். ஊசியை ஓட்டிக்கொண்டே இருந்தார். "நாலு மாசம் அவங்க ஜெயில்ல கெடந்தேனே, எவனாவது போட்டோ எடுத்தானா?" நூலைக் கடித்து அறுத்துவிட்டு, "அந்தப் பையன் தங்கமான பையன்," என்றார். அப்புறம், "கிழிச்சுக் கடல்ல போடு."

நான் கிழிக்கவில்லை. ஏன் என்று தெரியவில்லை. பர்ஸில் வைத்தேன்.

சனிக்கிழமை. நீள மேசை, வெள்ளைத் துணி, இந்தப் பக்கம் நாங்கள் நாலு பேர், அந்தப் பக்கம் அவர்கள் நாலு பேர், நடுவில் கொடி. நிரோ தலைக்கு எண்ணெய் வைத்து வழித்துச் சீவியிருந்தான். சட்டையை எந்த வீட்டில் இஸ்திரி போட்டானோ, கத்தி மாதிரி மடிப்பு. அவன் அப்பாவும் வந்திருந்தார். கடைசி வரிசையில், நாற்காலி நுனியில்.

நான் நன்றாகப் பேசினேன் அக்கா. எமது கடல், எமது மீனவர்கள், எமது வளம். படத்தைத் தூக்கிக் காட்டினேன். "எமது மீனவரின் வலை." கைதட்டினார்கள். நிரோ எழுந்திருக்கத் தயாராக நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டான். அதற்குள் அந்த அதிகாரி மைக்கை எடுத்தார்.

"நல்ல படம். ஆனா இதுல வலை மட்டும்தானே இருக்கு? பாறையில மாட்டினாலும் வலை கிழியும். எந்தப் படகு, எந்த நாட்டுப் படகுன்னு இதுல எப்படித் தெரியும்?" அவர் கேட்டது நியாயம்தான்.

நிரோ எழுந்து நின்றுவிட்டான். "சார், படத்துல போட் இருந்துச்சு."

சபையில் சிரிப்பு. "டேய் நீ இந்தியாடா," என்று பின்னால் இருந்து குரல். மிஸ்ஸும் சிரித்துக்கொண்டே, "இந்தியப் பிரதிநிதி தன் இடத்தில் அமரவும்," என்றார். அவன் உட்காரவில்லை. என்னைப் பார்த்தான். கோபம் இல்லை அக்கா. நிஜமாகவே தெரியாமல் கேட்டான்.

"டெல்வின், அந்த போட் எங்கடா?"

பர்ஸ் என் பின்பாக்கெட்டில் இருந்தது. அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தேன்.

"எமது அரசு," என்றேன், "இது குறித்து விசாரித்துப் பதில் அளிக்கும்."

சபையே வெடித்தது. விசில், மேசை தட்டல். வர்ஷினி மிஸ் இரண்டு கையையும் தூக்கித் தட்டினார். அதிகாரி கண்ணாடியைக் கழற்றிச் சிரித்தார். "இந்தத் தம்பி ரொம்பத் தூரம் போவான்," என்றார். நிரோ மெதுவாக உட்கார்ந்தான். பின்னால் தள்ளின நாற்காலியை முன்னால் இழுக்கவில்லை. அதனால் மேசைக்கு எட்டாமல், தள்ளி, தனியாக உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது. கடைசி வரிசையில் அவன் அப்பா எல்லோரும் தட்டுகிறார்களே என்று அவரும் தட்டினார்.

சிறந்த பிரதிநிதி கோப்பை எனக்குத்தான். இப்போது வீட்டில் அதில் சீப்பு கிடக்கிறது.

மிஸ் மேல் எனக்குக் கோபம் உண்டு. அந்த வரியைச் சொல்லிக் கொடுத்தது அவர். அது தெரியாமல் இருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? முழித்திருப்பேன், திக்கியிருப்பேன், என் முகத்தைப் பார்த்து அவனே கண்டுபிடித்திருப்பான். ஒரு பையன் கையில் அப்படி ஒரு வரியைக் கொடுக்கலாமா? சொல்லுங்கள். நீங்களும் அதைத்தான் சொல்லிக் கொடுக்கப் போகிறீர்கள்.

திங்கள்கிழமை நிரோ பள்ளிக்கு வரவில்லை. செவ்வாய் வந்தான், புத்தகப் பை இல்லாமல். அப்பா போனில் இருந்த படத்தை யாரோ ஒருவருடைய பெரிய போனில் போட்டுப் பார்த்திருக்கிறான். எங்கள் போட்டில் அவன் எத்தனையோ தரம் ஏறியிருக்கிறான். பெயிண்ட் வழிந்தபோது துணி எடுத்துக் கொடுத்ததே அவன்தான்.

சைக்கிள் ஸ்டாண்ட் பக்கம் கூப்பிட்டான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். அவன் பேசினபோது எனக்கு முதலில் யாரோ வேறு ஆள் பேசுகிற மாதிரி இருந்தது. ஆறு வருடமாக என்னோடு எங்கள் பேச்சுப் பேசினவன், அன்றைக்கு அவன் வீட்டுப் பேச்சில் பேசினான்.

"நீ அந்தப் படத்தை வெட்டினனி. சரி, உன்ர அப்பா. எனக்கு விளங்குது. எனக்கும் அப்பா இருக்கிறார். ஆனா ஒண்டு சொல்லு. ஸ்ட்ரைக் இல்லையெண்டு உனக்கு எப்ப தெரியும்?"

பக்கத்தில் நின்ற சைக்கிளின் பெல்லைத் திருகினேன்.

"சித்தப்பா அப்பாவோட கதைக்கிறேல்ல. நான்தான் வேணுமெண்டு பொய் சொல்லி வலையை விட வச்சனாம். நான் இந்தியாக்காரனா மாறிட்டனாம். வெள்ளிக்கிழமை நாங்கள் போறம் டெல்வின். அந்த வீட்டுக்குத்தான் போய் இறங்கவேணும். அப்பாவும் என்னை ஒரு மாதிரித்தான் பாக்கிறார்."

"நான் என்னடா செய்யணும்?"

"வியாழக்கிழமை காலமை பத்து மணிக்குக் கேம்ப் வாசலுக்கு வா. உள்ள விட மாட்டாங்கள், நான் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வாறன். அவர் போனைப் போட்டுத் தருவார். சித்தப்பாட்ட ஒரே ஒரு சொல்லுச் சொல்லு. எனக்குத் தெரியும், நான்தான் சொல்லேல எண்டு. எமது அரசு ஒண்டும் வேண்டாம். நான் எண்டு சொல்லு. அதுவே காணும். பிறகு நான் உன்னட்ட ஒண்டும் கேக்க மாட்டன்."

வருகிறேன் என்றேன். சத்தியமாக வருகிறேன் என்றேன்.

இதையும் சொல்லிவிடுகிறேன், பஸ் அந்தப் பக்கம் வருவதற்குள். ஞாயிற்றுக்கிழமை மறந்துவிட்டேன் என்றேனே, அது உண்மை. ஆனால் போட் போன அந்தத் திங்கள் மதியம் ஞாபகம் வந்தது. சாப்பாட்டு நேரம். அவன் டிபன் பாக்ஸில் ஒரு முட்டை, அதைப் பிட்டுப் பெரிய பாதியை என் பக்கம் வைத்தான். எப்போதும் அப்படித்தான் வைப்பான். சித்தப்பா சாயங்காலம்தான் வலை விடுவார், இன்னும் நேரம் இருக்கிறது, சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். நேற்றே ஏன்டா சொல்லவில்லை என்று கேட்பானே என்று இருந்தது. கடல் பெரியது, எத்தனையோ போட், எத்தனையோ வலை, எதுவும் ஆகாது என்று நினைத்தேன். முட்டையைச் சாப்பிட்டேன்.

மன்னார் போனதும் நம்பர் அனுப்புவான் என்று பார்த்தேன். ஒரு வருடம் ஆகப் போகிறது. பழைய நம்பரில் ஒரே ஒரு டிக்தான் விழுகிறது.

வியாழக்கிழமை நான் வராமல் இல்லை அக்கா. வந்தேன். அதை யாரும் நம்ப மாட்டார்கள். பாம்பனில் ஒன்பதரைக்கு பஸ் ஏறினேன். கேம்ப்புக்கு என்று கேட்டுத்தான் டிக்கெட் வாங்கினேன். பர்ஸில் அந்தத் துண்டு இருந்தது, அதையும் கொடுத்துவிட வேண்டும் என்று. பாலம் ஏறும்போது வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். எனக்குத் தெரியும். நான்தான் சொல்லவில்லை. சின்ன வரிதான். மண்டபம் வந்தது. மறுபடியும் சொல்லிப் பார்த்தேன்.

இதோ, இந்த வளைவுதான். இந்தச் சுவர் முடிகிற இடத்தில் வாசல்.

அன்றைக்கு அங்கேதான் நின்றான். அவன் அப்பா பக்கத்தில், வெளுத்த வெள்ளைச் சட்டை, கையில் போனைத் தயாராகப் பிடித்துக்கொண்டு. நிரோ பஸ்ஸின் ஜன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தான், முன்னால் இருந்து பின்னால். நான் குனிந்து செருப்பைச் சரி செய்தேன். செருப்பில் ஒன்றும் ஆகவில்லை.

"கேம்ப்பு, கேம்ப்பு." கண்டக்டர் விசிலை வாயில் வைத்துவிட்டு என்னைப் பார்த்து எடுத்தார். "தம்பி, கேம்ப்புக்குத்தான டிக்கெட் வாங்குன? எறங்குப்பா."

நான் இறங்கவில்லை.